முதல் காலடியும் மூன்றாவது உறுப்பினரும்

சமையலறையிலிருந்து 'டொக்... டொக்' என்று சத்தம் வந்தது. ஒவ்வொரு சத்தத்துக்குப் பின்னும் ஏதோ ஓடு நொறுங்கியது.

"பென்கா, சுத்தியல் மெட்டோடி அண்ணன் வீட்லல்ல இருக்கு? நீ எதால அக்ரூட் உடைக்கிற?" என்று கேட்டேன்.

"உன் கட்சியால!" என்றாள் என் மனைவி.

ஓடிப்போய்ப் பார்த்தேன். எங்கள் கட்சிக் கிளையின் முத்திரையை ரப்பர் பக்கம் துணியில் சுற்றிப் பிடித்துக்கொண்டு, அதன் பித்தளைப் பிடியால் கொட்டைகளை உடைத்துக்கொண்டிருந்தாள். ஜனநாயக அணி, ஸ்தோபனிட்சா நகரக் கிளை. இந்த எழுத்துகளுக்காக நான் ஒரு காலத்தில் உயிரைக் கொடுக்கவும் தயாராக இருந்தேன். யாரும் கேட்கவில்லை என்பது வேறு விஷயம்.

"அதைக் குடு இப்படி!"

"இருபத்தஞ்சு வருஷத்துல இது செஞ்ச முதல் உருப்படியான வேலை. இன்னும் எட்டு கொட்டை இருக்கு, முடிச்சுட்டுத் தரேன்."

அன்று டிசம்பர் இருபது, புனித இக்னாத் நாள். என் பெயரும் இக்னாத் என்பதால் எனக்கு அது பெயர் நாள். பெயர் நாளுக்கு யாரையும் அழைக்க வேண்டியதில்லை. வருகிறவர்களை விரட்டவும் கூடாது. ஆனால் இக்னாத் நாளுக்கென்று தனியாக ஒரு பிடிவாதம் உண்டு. அன்று காலை வாசற்படியை முதலில் தாண்டி உள்ளே வருகிறவரின் கால் எப்படியோ, அந்த வீட்டுக்கு அந்த வருடம் அப்படி. அதனால் புத்தியுள்ள எந்தக் குடும்பமும் அதைத் தற்செயலுக்கு விட்டுவைப்பதில்லை. எங்கள் வீட்டுக்கு முதல் காலடி மேல்மாடி மெட்டோடி அண்ணனுடையது. காலை ஏழு மணிக்கெல்லாம், வழக்கப்படி அடுப்பில் போட கையில் ஒரு சுள்ளியோடு வந்து நிற்பார். அன்று ஒன்பது ஆகியும் ஆளைக் காணோம். மேலே அவருடைய செருப்புச் சத்தம் மட்டும் கூரையில் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் நடந்துகொண்டிருந்தது.

எனக்கு அந்த வருடம் முதல் காலடி மிகவும் தேவைப்பட்டது. இரண்டு வாரத்துக்கு முன் சோஃபியாவிலிருந்து கட்சித் தலைமை அலுவலகம் ஒரு கடிதம் அனுப்பியிருந்தது. கட்சி வேறு இரண்டு கட்சிகளோடு இணைகிறது. மூன்று உறுப்பினர்களுக்குக் குறைவாக உள்ள கிளைகள் கலைக்கப்படும். இருபதாம் தேதி எங்கள் பிரதிநிதி நேரில் வருவார். முத்திரையும் உறுப்பினர் பட்டியலும் தயாராக இருக்கட்டும். அவ்வளவுதான். அன்புள்ள என்றுகூட ஆரம்பிக்கவில்லை. நான் கடிதத்தை எடுத்துக்கொண்டு குளியலறைக்குள் போய், குழாயைத் திறந்துவிட்டு அழுதேன். பென்கா கதவைத் தட்டி, "தண்ணி வீணாகுது. அழறதுன்னா பக்கெட்ல அழு" என்றாள்.

ஊரில் எல்லாரும் என்னைத் 'தலைவரே' என்றுதான் கூப்பிடுகிறார்கள். ரொட்டிக் கடைக்காரி கிண்டலாகத்தான் கூப்பிடுகிறாள், எனக்குத் தெரியும். ஆனாலும் கூப்பிடுகிறாள். கிளை போய்விட்டால் நான் ரேடியோ பழுது பார்ப்பவன். அதையும் இப்போது யாரும் பழுது பார்ப்பதில்லை, தூக்கி எறிந்துவிடுகிறார்கள்.

மணி அடித்தது. பென்கா கையைத் துடைத்துக்கொண்டு ஓடிப்போய்க் கதவைத் திறந்தாள். மெட்டோடி அண்ணன் இல்லை. சிவப்புக் கம்பளித் தொப்பி போட்ட ஒரு பெண், இருபத்தைந்து வயதுகூட இருக்காது, ஒரு காலை உள்ளே வைக்கத் தூக்கியிருந்தாள்.

"நில்லு! காலைக் கீழ வைக்காதே!" என்று பென்கா கத்தினாள்.

அந்தப் பெண் ஒற்றைக் காலில் நின்றாள். "நான் ஸ்விலேனா. சோஃபியாவுலேர்ந்து, கட்சி அலுவலகத்துல..."

"நீ சொர்க்கத்துலேர்ந்து வந்தாலும் சரி. முதல் ஆள் வரட்டும், அப்புறம் வா."

"ஓ, இன்னிக்கு இக்னாத் நாள்ல! மன்னிச்சுக்கங்க. எங்கம்மாவும் இப்படித்தான், போன வருஷம் தபால்காரரை மழையில நிக்க வெச்சுட்டாங்க." அந்தப் பெண் காலை இறக்கி மாடிப்படி ஓரமாக நின்றுகொண்டாள். குளிரில் மூக்கு அவள் தொப்பியின் நிறத்துக்கு வந்திருந்தது.

அவமானமாக இருந்தது. இருந்தாலும் பென்காவை எதிர்க்க எனக்குப் பலமில்லை. ஒரு முக்காலியை வாசற்படிக்கு வெளியே நீட்டினேன். இன்னொன்றை உள்ளே போட்டு நான் உட்கார்ந்தேன். எங்கள் இருவருக்கும் நடுவில் ஒரு விரல் உயர வாசற்படி. ஜனநாயக அணி ஸ்தோபனிட்சா கிளையின் கடைசிக் கூட்டம் அப்படித்தான், பாதி மாடிப்படியிலும் பாதி செருப்பு வைக்கிற இடத்திலுமாகத் தொடங்கியது.

ஸ்விலேனா பையிலிருந்து ஒரு படிவத்தை எடுத்தாள். "இன்னும் மூணு ஊருக்குப் போகணும் ஐயா. முதல்ல கிளையோட சுருக்க வரலாறு. ஆறு வரிக்கு இடம் இருக்கு. நீங்க சொல்லுங்க, நான் எழுதிக்கறேன்."

ஆறு வரி! நான் தொண்டையைச் செருமிக்கொண்டேன்.

"இது தொடங்கினது எண்பத்தொன்பதுல. இதே இக்னாத் நாள்..."

"அதைச் சொல்லு, யார் தொடங்கி வெச்சாங்கன்னு சொல்லு!" என்று சமையலறையிலிருந்து பென்கா குரல் கொடுத்தாள்.

சொல்லாமல் தீராது. அந்தக் காலத்தில் ஊரில் ஒவ்வொரு வீட்டிலும் சுவரில் ஒரு ரேடியோப் பெட்டி தொங்கும். ஒரே ஒரு நிலையம், ஒரே ஒரு குரல். அணைக்கலாம், மாற்ற முடியாது. அந்தப் பெட்டிகளுக்கெல்லாம் கம்பி இழுத்து, சதுக்கத்தில் ஒலிபெருக்கி கட்டி, மே தின ஊர்வலத்துக்கு மார்ச் பாட்டுப் போடுகிற வேலை என்னுடையது. நவம்பரில் சோஃபியாவில் கம்யூனிஸ்ட் ஆட்சியின் பெரிய நாற்காலி காலியானது. டிசம்பர் இருபதாம் தேதி காலையில் மெட்டோடி அண்ணன் சும்மா வாழ்த்துச் சொல்ல முதல் ஆளாக உள்ளே வந்தார். அவர் போன பத்தாவது நிமிடம் ஊர்க் கால்நடை மருத்துவரும் வக்கீலும் வந்தார்கள். இருவரும் ஜனநாயகத்தைப் பற்றி அரை மணி நேரம் பேசினார்கள். என் கண்கள் நனைந்தன. வரலாறு என் தோளில் கை வைக்கிறது என்று நினைத்தேன்.

கடைசியில் வக்கீல் சொன்னார்: "உங்ககிட்ட ரெண்டு ஒலிபெருக்கி இருக்காமே?"

"அதான் தொடக்கமா ஐயா?" என்று ஸ்விலேனா கேட்டாள்.

"அதான் தொடக்கம். என் துணிச்சலைப் பார்த்து யாரும் வரல மா. என் ஒலிபெருக்கியைப் பார்த்து வந்தாங்க."

ஞாயிற்றுக்கிழமை சதுக்கத்தில் கூட்டம். அரசாங்க ஒலிபெருக்கியை அரசாங்கத்துக்கு எதிராகக் கட்டியிருந்தேன். பேச்சாளர்கள் யார் முதலில் ஏறுவது என்று ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டிருந்தார்கள். நான் மைக்கைச் சரி பார்க்க வேண்டுமே என்று ஏறி, "ஒண்ணு, ரெண்டு, மூணு" என்றேன். கூட்டம் கொந்தளித்துவிட்டது. கைதட்டல், விசில், ஒரு பெண்மணி மயக்கம். நாற்பத்தைந்து வருடத்துக்குப் பிறகு எங்கள் ஊரில் அனுமதி வாங்காமல் மேடையேறிய முதல் மனிதன் நான்தான். என் பேச்சு முழுவதும் மூன்று எண்கள். இன்றுவரை அதைவிட நல்ல பேச்சு நான் பேசியதில்லை என்று பென்கா சொல்கிறாள்.

கிளைக்குத் தலைவர் தேர்ந்தெடுக்கும்போது மருத்துவருக்கு வக்கீலைப் பிடிக்கவில்லை. வக்கீலுக்கு மருத்துவரைப் பிடிக்கவில்லை. இருவருமே கண்டு பயப்படாத ஒரே ஆள் அறையின் மூலையில் கம்பி சுற்றிக்கொண்டிருந்தான். அப்படித்தான் நான் தலைவரானேன். பதவியேற்பு உரையில் உணர்ச்சிவசப்பட்டு, "அன்புத் தோழர்களே!" என்று தொடங்கிவிட்டேன். நாங்கள் நீலக்காரர்கள், 'தோழர்' சிவப்புக்காரர்களின் சொல். எங்கள் மத்தியில் 'ஐயா', 'அம்மா'தான். அன்றிலிருந்து பென்கா வீட்டில் என்னைத் 'தோழர் தலைவரே' என்றுதான் கூப்பிடுகிறாள். அவளுடைய அப்பா சிவப்புக் கட்சியின் நகரச் செயலாளராக இருந்தவர். மாமனார் என்னோடு மூன்று வருடம் பேசவில்லை. என் வாழ்க்கையில் மிக அமைதியான மூன்று வருடங்கள் அவை.

"எழுதிக்கிட்டியா?"

"முதல் வரி முடிஞ்சுது ஐயா. 'எண்பத்தொன்பதில் தொடங்கப்பட்டது.'"

மேலே செருப்புச் சத்தம் நின்று, மீண்டும் நடக்கத் தொடங்கியது. பென்கா ஒரு கோப்பையில் சூடான மூலிகைத் தேநீர் கொண்டுவந்து வாசற்படியைத் தாண்டாமல் எட்டி நீட்டினாள்.

"குடி. காய்ச்சல் வந்து செத்தா அதுவும் இவன் கட்சிக் கணக்குலதான் சேரும்."

தொண்ணூற்றேழில்தான் எங்கள் பெரிய வெற்றி. அதற்கு முந்தைய குளிர்காலத்தில் ரொட்டிக்கு வரிசை, கடைகளில் வெறும் அலமாரி, தெருவெல்லாம் ஜனங்கள். டிசம்பரில் மெட்டோடி அண்ணன் முதல் காலடி வைத்தார். ஏப்ரலில் நாங்கள் ஜெயித்தோம். கிளையில் நானூற்றுப் பன்னிரண்டு உறுப்பினர்கள். நேற்றுவரை என்னைக் கண்டால் தெருவின் அந்தப் பக்கம் போன சிவப்புக்காரர்கள் எல்லாம் கோட்டில் நீல நாடா குத்திக்கொண்டு வந்தார்கள். நான் துணை மேயர் ஆனேன். என்ன செய்வதென்று தெரியவில்லை. தெருப் பெயர்களை மாற்றினேன். எத்தனை மாற்றினேன் என்றால், தபால்காரி ஸ்வேத்தா ஒரு வாரம் அழுதுகொண்டே கடிதம் கொடுத்தாள். பிறகு பூங்கா பெஞ்சுகளுக்கெல்லாம் நீலச் சாயம் அடிக்கச் சொன்னேன். எந்தச் சாயம் என்று பார்க்கவில்லை. முதல் கோடை வெயிலில் அது இளகிவிட்டது. உட்கார்ந்து எழுந்தவர் ஒவ்வொருவரும் நீலமாக எழுந்தார். ஊரே பின்பக்கம் நீலமாகத் திரிந்தது. எங்கள் கட்சியின் செல்வாக்கு ஸ்தோபனிட்சாவில் அதைவிட ஆழமாக எப்போதும் பதிந்ததில்லை.

ஸ்விலேனா சிரித்ததில் தேநீர் சிந்தியது. எனக்கும் சிரிப்பு வந்தது. அப்போதுதான் கவனித்தேன், சமையலறையில் 'டொக் டொக்' நின்றிருந்தது.

அடுத்தது என்ன என்று பென்காவுக்குத் தெரியும். எனக்கும் தெரியும். தாண்டிப் போய்விடலாமா என்று ஒரு கணம் நினைத்தேன்.

"அப்புறம் தொழிற்சாலை," என்றேன்.

ஊரில் மின்மோட்டார் தொழிற்சாலை ஒன்று இருந்தது. அறுநூறு பேர். பென்கா அதில் இருபத்தோரு வருடம் மோட்டாருக்குள் செம்புக் கம்பிச் சுருள் சுற்றினாள். அவள் விரல்களைப் பார்த்தால் இப்போதும் தெரியும், நுனிகளில் ரேகை கிடையாது. எங்கள் அரசாங்கம் அதைத் தனியாருக்கு விற்றது. வாயிலில் விழா. துணை மேயரான நானே ஒலிபெருக்கி கட்டினேன், வேறு யாருக்கும் கட்டத் தெரியாது. நானே மைக்கில், "இன்று இந்த ஊரில் ஒரு புது யுகம் பிறக்கிறது" என்றேன். முன்வரிசையில் வேலை உடுப்போடு பென்கா நின்றுகொண்டிருந்தாள். எனக்காகக் கைதட்டினாள்.

எட்டு மாதத்தில் எந்திரங்கள் லாரி ஏறிப் போயின, இரும்புக் கடைக்கு. பென்கா தன் கத்தரிக்கோலையும் உள்செருப்பையும் ஒரு பையில் போட்டுக்கொண்டு வீட்டுக்கு வந்தாள். என்னைத் திட்டுவாள், தட்டை வீசுவாள் என்று காத்திருந்தேன். பீன்ஸ் சூப் வைத்தாள். எனக்கு முதலில் பரிமாறினாள். அந்தச் சூப்பைப்போல இந்த உலகத்தில் எதுவும் என்னைச் சுட்டதில்லை. பிறகு தெஸ்ஸலோனிகிக்குப் போனாள். ஆறு வருடம் யாரோ ஒரு கிரேக்கக் கிழவியைக் குளிப்பாட்டி, தூங்கவைத்து, எங்கள் மகளைப் படிக்கவைத்தாள். நான் அந்த ஆறு வருடமும் இங்கே கட்சி அலுவலகத்தைத் திறந்து திறந்து மூடினேன்.

"இதை எப்படி எழுதறது ஐயா?" ஸ்விலேனாவின் பேனா நின்றிருந்தது.

"எழுதாதே. இடமிருக்காது."

"எழுது!" என்றது சமையலறை. "ரெண்டு வரி எடுத்துக்க!"

அதற்குப் பிறகு சொல்ல அதிகமில்லை. இரண்டாயிரமாவது வருட இக்னாத் நாளில் மெட்டோடி அண்ணன் பித்தப்பைக்கல்லோடு மருத்துவமனையில் படுத்துவிட்டார். முதல் காலடி வைக்க ஆளில்லை. எரிவாயுக் கணக்குப் பார்க்கிறவன்... இல்லை, வெந்நீர்க் கணக்குப் பார்க்கிறவன் வந்து நுழைந்துவிட்டான். அடுத்த கோடையில் தேர்தல். எங்களைத் துடைத்தெறிந்தார்கள். சோஃபியாவில் தலைவர்கள் பொருளாதாரம் என்றார்கள், பத்திரிகை என்றார்கள். நான் மாவட்டக் கூட்டத்தில் எழுந்து பித்தப்பை என்றேன். அதற்குப் பிறகு என்னை மாவட்டக் கூட்டத்துக்குக் கூப்பிடவில்லை. கட்சி இரண்டாக உடைந்தது, பிறகு மூன்றாக. எங்கள் கிளை அலுவலகத்திலேயே மருத்துவரின் கட்சி சன்னல் பக்கமும் வக்கீலின் கட்சி அடுப்புப் பக்கமும் உட்கார்ந்தது. நான் பழைய கட்சியிலேயே, கதவுப் பக்கம். யார் யாரைத் துரோகி என்று சொன்னாலும் கதவைச் சாத்தச் சொல்லி என்னைத்தான் திட்டுவார்கள்.

"சரி ஐயா, வரலாறு ஆறு வரி முடிஞ்சுது." ஸ்விலேனா தாளைத் திருப்பினாள். "உறுப்பினர் பட்டியல்?"

நான் பட்டியலை நீட்டினேன். பதினொரு பெயர்கள். அழகான கையெழுத்து. அவள் அதைத் தன் கைப்பேசியில் இருந்த ஏதோ படத்தோடு ஒப்பிட்டாள். நெற்றியைச் சுருக்கினாள்.

"ஐயா, கோவிச்சுக்காதீங்க. கீழ வாசல் கதவைத் திறக்க ஆள் வர்றவரைக்கும் பத்து நிமிஷம் நின்னேன். கதவுல ஒட்டியிருக்கிற மரணச் சீட்டெல்லாம் படிச்சேன், படமும் எடுத்தேன். வேற என்ன பண்றது."

நான் பட்டியலைத் திரும்ப வாங்கக் கை நீட்டினேன்.

எங்கள் நாட்டில் ஒருவர் இறந்தால் படத்தோடு சீட்டு அச்சடித்து வாசல் கதவில், மரத்தில், கம்பத்தில் ஒட்டுவார்கள். நாற்பதாம் நாள் இன்னொன்று, ஆறு மாதம், ஒரு வருடம், பத்து வருடம் என்று ஒட்டிக்கொண்டே போவார்கள். நான் அந்தக் கதவு வழியாகத் தினமும் நான்கு தடவை போகிறேன். ஒவ்வொரு சீட்டுக்கும் தொப்பியைக் கழற்றுகிறேன். மேலே வந்து அதே பெயர்களை உறுப்பினர் பட்டியலில் பிரதி எடுக்கிறேன். இரண்டையும் ஒருவரே படிக்க நேரும் என்று ஒரு தடவைகூட எனக்குத் தோன்றவில்லை.

"உங்க பட்டியல்ல ரெண்டாவது ஆள், கீழ இடப்பக்கம், 'நீங்காத ஆறு ஆண்டுகள்'. நாலாவது ஆள் போன மாசம். ஏழாவது ஆளும் அவரோட மனைவியும் ஒரே சீட்டுல..."

"அவங்க பேரை அடிக்கறதுக்குக் கை வரல மா."

"தோழர் தலைவரே!" பென்கா நடைக்கு வந்து இடுப்பில் கை வைத்து நின்றாள். "செத்தவங்களை வெச்சுக் கட்சி நடத்தினியா? எங்கப்பா கட்சிகூட அதைத் தேர்தல் அன்னிக்கு மட்டும்தான் பண்ணுச்சு!"

"எட்டுப் பேர்தான் போனாங்க!" நான் முக்காலியிலிருந்து எழுந்துவிட்டேன். "மூணு பேர் உயிரோட இருக்கோம்! நான், ஸ்வேத்தா, மெட்டோடி அண்ணன். விதி என்ன சொல்லுது? மூணு! மூணு போதும்!"

அந்தக் கணம் நான் உண்மையிலேயே ஜெயித்துவிட்டேன் என்று நினைத்தேன். ஸ்விலேனா என் முகத்தைப் பார்க்கவில்லை. பைக்குள் கைவிட்டு, நான்காக மடித்த ஒரு கடிதத்தை எடுத்தாள்.

"மெட்டோடி ஐயா போன மாசமே ராஜினாமா அனுப்பிட்டாரு. உங்களுக்குத் தெரியும்னு நெனச்சேன்."

அது அவர் கையெழுத்துதான். பேரனுக்கு நகராட்சியில் வேலை கிடைக்கும் போலிருக்கிறது, இப்போதுள்ள மேயர் வேறு கட்சி, ஆகவே வருத்தத்துடன் விலகுகிறேன். கடைசியில் ஒரு வரி: 'இக்னாத்திடம் நீங்களே சொல்லிவிடுங்கள். எனக்கு முகமில்லை.'

மூவரும் கூரையைப் பார்த்தோம். செருப்புகள் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்குப் போய், அந்தக் கோடியிலிருந்து இந்தக் கோடிக்கு வந்தன. அவர் எங்கள் தலைக்கு மேலேயே காலையிலிருந்து நடந்துகொண்டிருந்தார். இறங்கி வர மட்டும் முடியவில்லை.

பென்கா பெருமூச்சு விட்டாள். "அவன் வரமாட்டான். பொண்ணே, உள்ள வா. உன் கால் மரத்துப்போயிருக்கும்."

"அத்தை, நான் முதல்ல வந்தா..."

"வா. யாராவது ஒருத்தர் வந்துதானே ஆகணும்."

இப்படியாக, என் கிளையைக் கலைக்க வந்தவளின் கால் அந்த வருடத்தின் முதல் காலடியாக எங்கள் வீட்டுக்குள் வந்தது. முதலில் வந்தவரை உட்காரவைத்தே ஆக வேண்டும். பென்கா அவளைச் சமையலறையில், அடுப்புக்குப் பக்கத்தில் உட்காரவைத்தாள். அரிசி அடைத்த முட்டைக்கோஸ் இலை, ரொட்டி, காய்ந்த பிளம் பழங்களை வேகவைத்த சாறு. ஸ்விலேனா நேற்றிலிருந்து சாப்பிடாதவள்போலச் சாப்பிட்டாள். நான் ஒரு மூலையில் நின்றேன். மேசைமீது கலைப்புப் படிவம், பக்கத்தில் முத்திரை, சுற்றிலும் அக்ரூட் ஓடுகள்.

"ஒரு ஆள் குறையுது, இல்ல?" என்று பென்கா கேட்டாள்.

"ஆமா அத்தை. இன்னிக்கு சாயந்திரத்துக்குள்ள ஒருத்தர் சேர்ந்தாப் போதும். நானும் 'கிளை உண்டு'ன்னு எழுதிடுவேன். எனக்கு என்ன, மூடறதுல ஆசையா?"

"சேர்ற படிவம் இருக்கா?"

பென்கா கண்ணாடியை மாட்டிக்கொண்டாள். கையைத் துணியில் துடைத்தாள். பேனாவைக் கேட்டு வாங்கினாள்.

"பென்கா..."

"சும்மா இரு. தலைவர் பதவியும் போனா நீ நாள் பூரா வீட்ல என் கால்ல இடறிக்கிட்டுக் கெடப்ப. என் நிம்மதிக்காகப் போடறேன். எங்கப்பா கல்லறையில புரண்டு படுத்தாருன்னா, நீ போய் சமாதானம் சொல்லிக்க."

இருபத்தைந்து வருடம்! தொண்ணூறாம் வருடத் தேர்தலில் அவள் எந்தக் கட்சியின் நிறத் தாளை வாக்கு உறையில் போட்டாள் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. நானூற்றுப் பன்னிரண்டு பேர் சேர்ந்தபோதும் நான் ஏங்கியது இந்த ஒரு கையெழுத்துக்குத்தான். என் கண்ணில் நீர் முட்டியது. வெளியே கோவில் மணி அடித்திருந்தால் பொருத்தமாக இருந்திருக்கும். அடிக்கவில்லை. பின்வீட்டில் யாரோ கம்பளம் அடித்துக்கொண்டிருந்தார்கள்.

அவள் எழுதினாள். பெயர். பிறந்த வருடம். முகவரி, அதில் தெருவின் பழைய பெயரைத்தான் எழுதினாள், என்னைப் பழிவாங்க. நான் அவள் தோளுக்குப் பின்னால் நின்று படித்தேன். அடுத்த கட்டம் தொழில். அவள் கொஞ்சமும் யோசிக்கவில்லை. 'சுருள் சுற்றுபவர்' என்று எழுதினாள்.

ஓய்வூதியம் பெறுபவர் என்று எழுதியிருக்கலாம். வீட்டு வேலை என்று எழுதியிருக்கலாம். தொழிற்சாலை மூடிப் பதினைந்து வருடம். அந்த இடத்தில் இப்போது ஆளுயரப் புல். அதை மூடிய கட்சியின் படிவத்தில், தலைப்பில் என் கிளையின் பெயர் அச்சடித்த தாளில், தான் யார் என்று கேட்டதற்கு அவள் அதைத்தான் எழுதினாள். என்னைக் குத்துவதற்காக எழுதவில்லை. அதுதான் அவள்.

கையெழுத்துப் போடும் கட்டத்துக்குப் பேனா இறங்கியபோது நான் தாளை இழுத்துவிட்டேன். பேனா மேசைத் துணியில் நீளமாகக் கோடு போட்டது.

"ஏய்! என்ன, என் எழுத்து நல்லால்லியா?"

"வேண்டாம், பென்கா."

"என்ன வேண்டாம்? காலையிலேர்ந்து மூணு மூணுன்னு குதிச்சியே!"

"மூணு வேண்டாம். நீ இதுல சேரக் கூடாது." என் குரல் எனக்கே நாடகக்காரன் குரல்போல இருந்தது. ஆனால் வேறு குரல் கைவசம் இல்லை. "கைதட்டினியே அன்னிக்கு. அது போதும். அதுக்கே நான் இன்னும்..."

பென்கா கண்ணாடியைக் கழற்றினாள். ஸ்விலேனா வாயிலிருந்ததை அவசரமாக மென்று விழுங்கினாள். பாவம், அவளுக்கு எங்கே பார்ப்பதென்று தெரியவில்லை, ரொட்டியையே பார்த்தாள்.

"அந்தக் கைதட்டல் உனக்கில்ல," என்றாள் பென்கா. "மைக் முதல் தடவையா கீச்சிடாம வேலை செஞ்சுது. அதுக்குத் தட்டினேன்." சொல்லிவிட்டு, என் சட்டைக் கையைப் பிடித்து இழுத்து நாற்காலியில் உட்காரவைத்தாள். "உக்காரு. நின்னுக்கிட்டு கையெழுத்துப் போட்டா கோணலாப் போகும்."

கலைப்புப் படிவத்தில் கையெழுத்துப் போட்டேன். முத்திரையைத் துடைத்து, மைத்துணியில் அழுத்தி, தாளில் வைத்தேன். ஒரு பக்கம் அழுத்தமாகவும் ஒரு பக்கம் மங்கலாகவும் விழுந்தது. இருபத்தைந்து வருடத்தில் ஒரு தடவையாவது ஒழுங்காக விழுந்திருக்கிறதா என்று யோசித்துப் பார்த்தேன். நினைவில்லை. சோஃபியாவில் அதைப் பார்க்கிறவர் கிளைத் தலைவர் குடித்திருந்தார் என்றுதான் நினைப்பார்.

"நன்றி ஐயா," என்றாள் ஸ்விலேனா. பிறகு, படிவத்தில் இல்லாத ஒன்றைக் கேட்டாள். "நான் போன பதினேழு ஊர்லயும் தலைவருங்க முத்திரை தொலைஞ்சுபோச்சுன்னாங்க. நீங்களும் அப்படிச் சொல்லி அதை வெச்சுக்கிட்டிருக்கலாமே?"

அது எனக்குத் தோன்றவே இல்லை! பதினேழு தலைவர்களுக்குத் தோன்றியது, எனக்குத் தோன்றவில்லை. பென்கா நெற்றியில் அடித்துக்கொண்டாள். "இப்பப் புரியுதா, எங்களை ஏன் எல்லாரும் ஜெயிச்சாங்கன்னு?" என்றாள். 'எங்களை' என்று சொன்னாள். நான் கேட்டேன். கேட்டதாகக் காட்டிக்கொள்ளவில்லை.

ஸ்விலேனா முத்திரையைப் பையில் போட்டுக்கொண்டு எழுந்தாள். பென்கா உடைத்த பருப்பில் பாதியை ஒரு காகிதத்தில் பொட்டலம் கட்டி அவள் கோட்டுப் பையில் திணித்தாள். நான் வாசல்வரை போனேன். தலைவர் என்ற முறையில் கடைசியாக ஏதாவது சொல்ல வேண்டும் என்று தோன்றியது. "படியில பார்த்துப் போ, ரெண்டாவது மாடியில விளக்கு எரியாது" என்றேன்.

"சரி ஐயா. உங்க பெயர் நாளுக்கு வாழ்த்துச் சொல்ல மறந்துட்டேனே. வாழ்த்துகள், இக்னாத் மாமா."

காலையிலிருந்து 'ஐயா' என்று கூப்பிட்டவள். பதவி போன மூன்றாவது நிமிடத்திலேயே எனக்கு உறவு கிடைத்துவிட்டது.

"இங்க பாரு பொண்ணே," பென்கா என் தோளுக்கு மேலிருந்து எட்டிச் சொன்னாள், "இந்த வருஷம் நல்லா போச்சுன்னா அடுத்த இக்னாத் நாளுக்கும் நீதான் வரணும்."

"எதை மூடறதுக்கு அத்தை?"

"ஒண்ணும் மூட வேண்டாம். சாப்பிட வா."

அவள் சிரித்துக்கொண்டே படியிறங்கினாள். சிவப்புத் தொப்பி ஒரு திருப்பத்தில் மறைந்தது. காலடிச் சத்தம் முதல் மாடிக்குப் போய், கீழ் வாசல் கதவு அடித்துக்கொள்ளும்வரை நான் கேட்டுக்கொண்டு நின்றேன்.

"உள்ள வா, இக்னாத். வீடெல்லாம் குளிருது," என்று சொல்லி பென்கா என்னை உள்ளே இழுத்துவிட்டுக் கதவைச் சாத்தினாள்.